கணக்குப் பரீட்சைக்குக் கைகொடுக்க: சாத்தாங்காட்டு வீடுகளுக்குப் பயனுள்ள குறிப்புகள்

பத்தாவது படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் பொங்கல் முடிந்தால் போதும், பேச்செல்லாம் கணக்குப் பரீட்சைதான். சென்னை சாத்தாங்காட்டில் அப்பா இரும்பு மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டோ, கண்டெய்னர் லாரியை நிறுத்திவிட்டோ வீடு திரும்ப இரவு பத்து மணிகூட ஆகிவிடும். "எனக்கே கணக்கு வராது, நான் எங்கே சொல்லிக்கொடுக்க?" என்று அம்மா ஒதுங்கிக்கொள்வார். கணக்கு வராத பெற்றோர் செய்யக்கூடிய வேலையும் இதில் நிறைய உண்டு. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் எழுதும் பிள்ளைகளை வைத்து இந்தக் குறிப்புகள்.

1. வினாத்தாள் எப்படி வரும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும். இரண்டு மதிப்பெண் கேள்விகள் 14 வரும், 10 எழுதினால் போதும். ஐந்து மதிப்பெண்ணும் அப்படியே, 14-இல் 10. இந்த இரண்டு பகுதியிலும் ஒரு கட்டாயக் கேள்வி உண்டு. கடைசியில் 8 மதிப்பெண் கேள்வி இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், மற்றொன்று வரைபடம். இரண்டிலும் 'அல்லது' இருக்கும். மொத்தம் 100. பாடங்கள் எட்டுதான்.

2. பிள்ளை தேறுமா என்றே பயமாக இருந்தால், மேலே உள்ள கணக்கையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். தேர்ச்சிக்கு 35. வரைதலும் வரைபடமும் சேர்ந்து 16. ஒரு மதிப்பெண் பகுதி 14. ஆக 30 வந்துவிட்டது. இரண்டு மதிப்பெண்ணில் மூன்று சரியாக வந்தால் 36. எட்டுப் பாடத்தையும் அரைகுறையாகப் புரட்டுவதைவிட இந்த மூன்று இடங்களையும் முதலில் கெட்டிப்படுத்துவது நல்லது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்த வழி வேண்டாம். அவர்களுக்கு ஐந்து மதிப்பெண் பகுதியில்தான் உழைப்பு.

3. அம்மா செய்யக்கூடியது: பாடத்தின் முடிவில் இருக்கும் பலவுள் தெரிவு வினாக்களைச் சமையல் நடக்கும்போது உரக்க வாசியுங்கள், பிள்ளை பதில் சொல்லட்டும். விடைகள் புத்தகத்தின் கடைசியிலேயே இருக்கின்றன. தேற்றமும் இதே மாதிரிதான். தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம், பிதாகரஸ் தேற்றம் இவற்றைப் பார்க்காமல் எழுதச் சொல்லி, புத்தகத்தோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். படம் இருக்கிறதா, கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது என்ற தலைப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கக் கணக்கே தெரிந்திருக்க வேண்டாம்.

4. "புரியலை" என்று சொல்வது சந்தேகம் ஆகாது. கணக்கை முடிந்த மட்டும் போட்டு, எந்த வரியில் நின்றதோ அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு நட்சத்திரம் போடச் சொல்லுங்கள். "சார், இந்த மூணாவது வரியிலிருந்து நாலாவது வரி எப்படி வந்துச்சு?" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். முழுக் கணக்கையும் நீட்டினால் அவரும் முழுசாகப் போட்டுக் காட்டுவார், பிள்ளையும் தலையாட்டிவிட்டு வந்துவிடும். நின்ற இடம் நின்றபடியே கிடக்கும்.

5. யாரிடம் கேட்பது? முதலில் பள்ளிக் கணக்கு ஆசிரியரிடம், காலை வழிபாட்டுக்கு முன்னால். அடுத்து, அதே தெருவில் பதினொன்றாவதோ டிப்ளமோவோ படிக்கிற அக்கா, அண்ணன்கள். போன வருஷம் எழுதிய கை என்பதால் எந்த இடத்தில் மதிப்பெண் போகும் என்று அவர்களுக்கு நினைவிருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரம் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். சும்மா கேட்காமல் டீயும் பஜ்ஜியுமாவது கொடுங்கள், மரியாதையாக இருக்கும்.

6. டியூஷனில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் போய் வாசலில் நின்று பாருங்கள். கரும்பலகையில் எழுதுவது வாத்தியாரா, பிள்ளைகளா? நாற்பது பேரை உட்காரவைத்து அவரே எல்லாக் கணக்கையும் போட்டுக் காட்டினால், காலையில் பள்ளியில் நடந்ததே மாலையில் மறுபடி நடக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மாதச் சம்பளம் கொடுப்பது என் கணக்கில் தண்டம்.

7. அளவியல் பாடம் வராத பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போங்கள். இந்தக் குறிப்பைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் சென்னையின் மற்றப் பகுதிப் பிள்ளைகளுக்கு இந்த வசதி இவ்வளவு பக்கத்தில் கிடைப்பது அரிது. கம்பிக்கடையில் எடை தெரிய ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள்: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 எம்.எம். கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.889 கிலோ. பன்னிரண்டு மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.67 கிலோ.

இந்த 162 எங்கிருந்து வந்தது என்று பிள்ளையிடம் கேளுங்கள். கம்பி என்பது புத்தகத்தில் இருக்கும் நேர்வட்ட உருளைதான். ஆரம் 0.6 செ.மீ., உயரம் 100 செ.மீ. கன அளவு 22/7 × 0.36 × 100, அதாவது சுமார் 113 கன செ.மீ. எஃகு ஒரு கன செ.மீ. 7.85 கிராம். பெருக்கினால் 888 கிராம். கடைக்காரர் மனக்கணக்காகச் சொன்னதும் பாடப்புத்தகச் சூத்திரமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இதை ஒரு முறை தன் கையால் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு உருளையின் கன அளவு πr²h என்பது மறக்கவே மறக்காது. தகட்டுக்கும் இதே கதைதான். 2.5 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம், 2 எம்.எம். தடிமன் என்றால் மூன்றையும் பெருக்கி 7.85-ஆல் பெருக்குங்கள், 49 கிலோ சொச்சம் வரும்.

8. அங்கேயே பைப்பையும் காட்டுங்கள். உள்ளீடற்ற உருளைக் கணக்கில் பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது ஒரே இடத்தில்: R² − r² என்று போட வேண்டியதை (R − r)² என்று போட்டுவிடுவார்கள். வெளி ஆரம் 5, உள் ஆரம் 4 என்று வையுங்கள். சரியான வழியில் 25 − 16 = 9. தப்பான வழியில் 1. ஒன்பது கிலோ பைப்புக்கு ஒரு கிலோ என்று பில் போட்டால் முதலாளி என்ன சொல்வார் என்று கேட்டால் போதும், பிள்ளை சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும். அடுக்கிவைத்த பைப்பில் அடி வரிசையில் 12, ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று குறைந்து உச்சியில் 5 இருந்தால் மொத்தம் எத்தனை? எட்டு வரிசை, 8/2 × (12 + 5) = 68. கூட்டுத் தொடர்வரிசைக்கு இதைவிட நல்ல படம் புத்தகத்தில் கிடையாது.

9. வரைபடத்தில் தப்பைக் கண்டுபிடிக்கக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. y = x² − 4x + 3 என்று ஒரு கேள்வி. x-க்கு −1 முதல் 5 வரை போட்டால் y வரிசை இப்படி வரும்: 8, 3, 0, −1, 0, 3, 8. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே எண்கள். அட்டவணையில் இந்தச் சமம் கெட்டிருந்தால் அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் மைனஸ்தான் காரணமாக இருக்கும். x = −1 எனும்போது −4x என்பது +4, அதைப் பிள்ளை −4 என்று எழுதியிருக்கும். புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைக்கக் கூடாது, கையால் வளைவாக இழுக்க வேண்டும். மூலையில் அளவுத்திட்டம் எழுத மறக்கக் கூடாது.

10. படிகளை விழுங்காமல் எழுதப் பழக்குங்கள். விடைத்தாள் திருத்துபவர் படிக்குப் படிதான் மதிப்பெண் போடுகிறார். கடைசி விடை தப்பானாலும் சூத்திரத்துக்கும் பிரதியிட்டதற்கும் மதிப்பெண் உண்டு. நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. 1912 மார்ச் 1 அன்று சென்னை போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் கணித மேதை சீனிவாச ராமானுஜன். அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். மாலையில் இருவரும் திருவல்லிக்கேணியில் சிலேட்டும் கையுமாக உட்காருவார்கள். ராமானுஜன் இரண்டே படியில் தாவுகிற இடத்தில், நடுவே பத்துப் படியாவது எழுதினால்தான் என்னைப் போன்றவர்களுக்கு விளங்கும் என்று நாராயண ஐயர் பிடிவாதம் பிடிப்பாராம். ராமானுஜனுக்கே அந்தக் கட்டாயம் இருந்திருக்கிறது.

அந்தச் சிலேட்டையும் விட்டுவிடாதீர்கள். காகிதச் செலவு கட்டுபடியாகாமல்தான் அவர் சிலேட்டில் போட்டார். நம் வீட்டிலும் ரஃப் நோட்டு வாங்கி மாளவில்லை என்றால் ஒரு சிறிய வெள்ளைப் பலகையும் மார்க்கரும் போதும்.

11. ராமானுஜனைக் காட்டி "கணக்கு மட்டும் வந்தால் போதும்" என்று பிள்ளை சொன்னால் மிச்சக் கதையையும் சொல்லுங்கள். மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் விட்டதால் கும்பகோணத்தில் அவருக்கு உதவித்தொகை போனது. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை.

12. ராயபுரத்தில் ராமானுஜன் பெயரில் ஒரு அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் இருப்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968-இல் புத்தகமாக்கியவர். 1993-இல் ராயபுரம் அவ்வை அகாடமியில் இந்த மையத்தைத் தொடங்கியவரும் அவரே. திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறி சர் தியாகராயா கல்லூரி நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். பரீட்சை நெருக்கத்தில் வேண்டாம், காலாண்டு விடுமுறையில் போய்வாருங்கள்.

13. போனில் படிக்கிற பிள்ளைக்கு இரண்டே விதி. கல்வித் தொலைக்காட்சி வீடியோவோ வேறு வீடியோவோ, கேள்வியைச் சொன்னதும் நிறுத்திவிட்டுத் தானே போட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மிச்சத்தைப் பார்க்கலாம். படம் பிடித்தால் விடை தரும் செயலிகளிடமும் ஏ.ஐ.யிடமும் "அடுத்த படி மட்டும் சொல்லு" என்று கேட்கட்டும், வந்த விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுச் சரிபார்க்கட்டும். அவை தப்பாகச் சொல்வதும் உண்டு, நம் புத்தகத்தில் இல்லாத வழியில் போடுவதும் உண்டு.

14. மழைக்காலம் வருவதற்கு முன்பே கணக்கு நோட்டின் முக்கியப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துவையுங்கள். புத்தகங்களைப் பாலித்தீன் பையில் கட்டிப் பரண்மேல் வையுங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் வந்தது அரையாண்டுத் தேர்வு நேரத்தில்தான். பாடநூல் போனால் கவலையில்லை, பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிள்ளை தன் கையால் போட்ட கணக்கு திரும்பக் கிடைக்காது.

15. இரவெல்லாம் லாரிச் சத்தம் என்றால் படிப்பை விடியற்காலைக்கு மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் பக்கத்துக் கிளை நூலகம்.

16. முழு வினாத்தாளை வீட்டில் எழுதிப் பார்க்கும்போது நேரம் பிரித்துக்கொடுங்கள். மூன்று மணி நேரத்தில் ஒரு மதிப்பெண்ணுக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 40, ஐந்து மதிப்பெண்ணுக்கு 80, கடைசி இரண்டு கேள்விக்கும் 30. சரிபார்க்க 15 நிமிடம் மிஞ்சும். தேர்வறையில் எழுதத் தொடங்கும் முன் வினாத்தாள் படிக்கப் பத்து நிமிடம் தருவார்கள். அதற்குள் எந்தக் கேள்விகளை விடுவது என்று முடிவு செய்துவிட வேண்டும்.

17. முந்தின இரவு புதுக் கணக்கு எதுவும் வேண்டாம். காம்பஸில் பென்சில் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிள்ளை மிகவும் கலங்கியிருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கு 104, இரண்டையும் கூப்பிடலாம்.

18. கணக்கில் போய்விட்டாலும் வருஷம் வீணாகாது. சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வரும். அதில் தேறினால் அதே கல்வியாண்டில் பதினொன்றாவது சேரலாம். விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் குறைவு. முடிவு வந்த அன்றே பள்ளியில் போய்க் கேளுங்கள், மதிப்பெண்ணில் சந்தேகம் என்றால் மறுகூட்டலையும் அப்போதே விசாரியுங்கள்.

19. தேறிய பிள்ளையின் ஒன்பதாவது, பத்தாவது புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் பதினொன்றாவது சேருகிறவர்கள் தமிழ்நாடு முதல்வரின் திறனாய்வுத் தேர்வு எழுதலாம். கேள்விகள் அந்த இரண்டு வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியலிலிருந்துதான் வரும். தேர்வாகும் 1,000 பேருக்கு, இளநிலைப் பட்டம் முடிக்கும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் கிடைக்கும்.