வெளிநாட்டில் குழந்தைகளுக்குத் தொண்டு: கிளம்புமுன் கேட்க வேண்டியவை

நர்சிங்கோ, பி.எட்.டோ, எம்.எஸ்.டபிள்யூ.வோ முடித்துவிட்டு, வெளிநாட்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக ஓராண்டு வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் குச்சனூர், சின்னமனூர்ப் பக்கமும் இருக்கிறார்கள். அதற்கு வழி இருக்கிறது. லட்சக்கணக்கில் கொட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் செல்போனில் தேடினால் முதலில் வந்து நிற்கிற வழி பெரும்பாலும் தவறான வழி.

‘நேபாளத்தில் இரண்டு வாரம், கம்போடியாவில் ஒரு மாதம், அனாதை இல்லத்தில் சேவை, சான்றிதழ் உண்டு’ என்று விளம்பரம் வரும். கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். இதில் பணம் போவதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. கம்போடியாவின் இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பது ஆய்வுகளில் தெரியவந்தது. பார்க்க வருகிறவர்கள் காசு தருகிறார்கள் என்பதற்காகவே ஏழை வீட்டுக் குழந்தைகளைக் கூட்டிவந்து இல்லத்தை நிரப்பியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, இப்படிக் குழந்தைகளைக் கடத்தி இல்லங்களில் சேர்ப்பதும் அடிமைமுறையின் ஒரு வடிவம் என்று ஏற்றுக்கொண்டது. 2019-இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமும் இதைக் கண்டித்தது.

இப்படி வந்து பார்த்துவிட்டுப் போவது நமக்கும் புதிதல்ல. பிறந்தநாளுக்கு ஒரு ஹோமுக்குப் போய் மதியச் சாப்பாடு போடுவது நம் ஊரில் பெரிய புண்ணியம். சாப்பாடு நல்லதுதான். ஆனால் இலை போட்ட பிறகும் கை வைக்காமல் வரிசையில் உட்கார்ந்து, கேக் வெட்டுகிற முன்பின் தெரியாத ஒருவருக்காகக் கைதட்டிப் பாடிக்கொண்டிருக்கும் எட்டு வயதுக் குழந்தையின் முகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அடுத்த வாரம் இன்னொருவர் வருவார், போட்டோ எடுப்பார், போய்விடுவார். வெளிநாட்டில் இரண்டு வாரம் மடியில் தூக்கிக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுகிறவரும் அந்தக் குழந்தைக்கு இதையேதான் செய்கிறார். பழகிப் பழகிப் பிரிந்த குழந்தை ஒரு கட்டத்தில் யாரையும் நம்பாது.

சரியான முறைக்கு உதாரணம் நம் தேனி மாவட்டத்திலேயே இருக்கிறது. வேல்ஸில் பிறந்த பிரதர் ஜேம்ஸ் கிம்ப்டன், டெ லா சால் சபையைச் சேர்ந்தவர். இலங்கையில் பணியாற்றிவிட்டு 1960-களில் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1974-இல் ‘ரீச்சிங் தி அன்ரீச்ட்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கொடைக்கானல் மலையடிவாரத்து ஜி.கல்லுப்பட்டியில் அது வேரூன்றியது. 2017-இல் 92 வயதில் அவர் இறந்தார். அங்கே ஆதரவற்ற குழந்தைகளைப் பெரிய கொட்டகையில் அடைக்கவில்லை. சின்னச் சின்ன வீடுகள், வீட்டுக்கு ஒரு வளர்ப்புத்தாய், அவரிடம் சில குழந்தைகள். அந்தத் தாய் இந்த மண்ணின் பெண். வெளியிலிருந்து வந்த உதவி ஆழ்துளைக் கிணறாகவும் வீடாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆனது. குழந்தையை வளர்க்கும் பொறுப்பு உள்ளூர்க்காரர் கையிலேயே இருந்தது. நீங்கள் போகிற நாட்டிலும் இந்த வேலைப் பிரிவினை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி வழிகள். நம் இளைஞர்களுக்கு இன்று கைக்கு எட்டும் வழி ஜெர்மனி. எஃப்.எஸ்.ஜே. என்கிற தன்னார்வ சமூக ஆண்டு 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. பொதுவாக 12 மாதம். மழலையர் பள்ளி, மாற்றுத்திறனாளி இல்லம், இளைஞர் விடுதி, மருத்துவமனை ஆகியவற்றில் வேலை. சம்பளம் கிடையாது. கைச்செலவுப் பணமும் மருத்துவக் காப்பீடும் உண்டு, பல இடங்களில் தங்குமிடமும் தருவார்கள். 27 தாண்டியவர்களுக்கு 2011-இல் தொடங்கிய பி.எஃப்.டி. என்கிற கூட்டாட்சித் தன்னார்வப் பணித் திட்டம் இருக்கிறது. மொழி தெரியாமல் குழந்தைகளிடம் விடமாட்டார்கள். ஏ2 அல்லது பி1 நிலை வரை ஜெர்மன் படித்தாக வேண்டும், சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் தேர்வு எழுதலாம். மழலையர் பள்ளி என்றால் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்றும் கேட்பார்கள். 2020 முதல் அங்கே அது சட்டம். பழைய தடுப்பூசி அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள். இந்த இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ஏஜென்ட் லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை தரும் நிறுவனங்கள் நேரடியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன.

அனுபவம் உள்ளவர்களுக்கு ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970-இல் தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். மாதப்படி உண்டு. போட்டி கடுமை. வீட்டிலிருந்தபடியே செய்யும் இணையவழித் தன்னார்வப் பணியும் இதில் இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. தமிழே துணையாக வேண்டும் என்பவர்களுக்கு இலங்கை மலையகமும் மலேசியாவும் இருக்கின்றன. எங்கே போனாலும் சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யாதீர்கள். ‘எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், அது குழந்தைகள் விஷயத்திலும் சட்டத்தை அப்படித்தான் பார்க்கும்.

நிறுவனத்திடம் கூச்சப்படாமல் கேளுங்கள். என்னிடம் போலீஸ் சான்றிதழ் கேட்பீர்களா? கேட்காத இடத்துக்குப் போகவே கூடாது. உங்களைப் பற்றி விசாரிக்காதவர்கள் வேறு யாரைப் பற்றியும் விசாரித்திருக்க மாட்டார்கள். (நம் மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். பி.சி.சி. எனப்படும் இந்தச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.) கடந்த ஆண்டு எத்தனை குழந்தைகளைப் பெற்றோரிடமோ உறவினரிடமோ திருப்பி அனுப்பினீர்கள்? நான் போன பிறகு என் வேலையை எந்த உள்ளூர் ஊழியர் தொடர்வார்? குழந்தைகளைப் படம் எடுக்க அனுமதி உண்டா? இதற்கு ‘தாராளமாக எடுங்கள்’ என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, பாதுகாப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதே குற்றம். அதே சட்டப்படி எந்த ஹோமும் பதிவு செய்திருக்க வேண்டும்.

போவதற்கு முன் ஓராண்டாவது இங்கே வேலை செய்திருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் பள்ளத்தாக்கில் விடிவதற்குள் ஜீப் ஏறி குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்கள் வீட்டுப் பிள்ளை தானே தலை சீவி, தம்பியையும் கிளப்பிப் பள்ளிக்கூடம் போகிறது. சில நாள் போவதில்லை. அந்தப் பிள்ளைக்கு மாலை ஒரு மணி நேரம் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு நம் பெண்கள் இதைத்தான் செய்தார்கள். அந்த அனுபவம் இருப்பவர்கள் அதை விண்ணப்பத்தின் முதல் வரியில் எழுத வேண்டும். வெறும் ‘குழந்தைகள் என்றால் உயிர்’ என்பதைவிட, ‘மூன்றாம் வகுப்பில் இத்தனை பேரை வாசிக்க வைத்தேன்’ என்பதற்குத்தான் தேர்வுக் குழு நிமிர்ந்து உட்காரும்.

திரும்பி வந்ததும் வேலைக்கும் இது உதவும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் போன்ற ஒப்பந்தப் பணியிடங்களுக்குக் குழந்தைகளோடு வேலை செய்த அனுபவம் பார்க்கிறார்கள். சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி என்று மேலே படிக்கவும் அது உதவும். அதனால் எந்த நாட்டில் இருந்தாலும் தேதியும் பொறுப்பும் குறித்த அனுபவச் சான்றை, முத்திரையோடு வாங்காமல் கிளம்பாதீர்கள்.

ஜெர்மன் வகுப்பில் சேருகிற வாரமே உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரையும் போய்ப் பாருங்கள். அடிக்கடி பள்ளிக்கு வராமல் நின்றுபோகும் பிள்ளைகள் யார் யார் என்று அவருக்குத் தெரியும்.