ஜோங்கா வாங்கப்போகிறவர்களுக்கு, திருவனந்தபுரத்திலிருந்து

பழைய ராணுவ வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பானெட்டைத் திறக்கிறார்கள். முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் திறங்கள். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்றிருந்து, வண்டியை ஸ்டார்ட் செய்ததும் டீசல் தடதடத்தால், புரோக்கர் எத்தனை இனிக்கப் பேசினாலும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் ஜோங்கா அப்படித்தான் வந்தது. ஜோங்காவே அடிப்படையில் பெட்ரோல் வண்டி. நிஸான் பேட்ரோலின் வடிவத்தை வாங்கி, 1969 முதல் ஜபல்பூர் தொழிற்சாலையில் நம் ராணுவத்துக்காகச் செய்தார்கள். ஆறு சிலிண்டர், 3956 சி.சி. ராணுவம் மைலேஜ் பார்ப்பதில்லை, நாம் பார்ப்போம். லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியை ஏலத்தில் எடுத்தவர்கள், கிடைத்த டீசல் இஞ்சினை உள்ளே இறக்கிக்கொண்டார்கள். கேரளத்திலும் நாகர்கோவில் பக்கமும் இது ஒரு குடிசைத் தொழிலாகவே நடந்தது. ஆர்.சி.யில் மாற்ற யாரும் மெனக்கெடவில்லை.

ஆர்.சி. புதுப்பிக்கப் போன அன்று எல்லாம் வெளியே வந்தது. ஆய்வாளர் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தார், சரியாக இருந்தது. குனிந்து இஞ்சினைப் பார்த்தார். காகிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வைத்தார்கள்.

நான் ஏமாந்துவிட்டேன் என்று நண்பர்கள் சிலர் இன்றும் சொல்கிறார்கள். ஏமாந்தேன் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். "டீசல்தான் புத்திசாலித்தனம், பேப்பரை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாங்கும்போது கூட நின்று சொன்னவர்கள் இவர்களேதான். புரோக்கரோ, தோனி ஜோங்கா வாங்கிய கதையை ஆரம்பித்தால் விலையைச் சொல்லித்தான் நிறுத்துவார்.

சென்னை புதுப்பேட்டையில் சொல்லி வைத்து, பழைய பெட்ரோல் இஞ்சின் ஒன்றை பில்லோடு வாங்கினேன். பில் முக்கியம். அது இல்லாவிட்டால் இஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏறாது. கியர்பாக்ஸ் மவுண்ட், ரேடியேட்டர், சைலன்சர் எல்லாவற்றையும் பழையபடி திருப்பினோம். வண்டிக்குக் கொடுத்த விலையைவிட இதற்கு அதிகம் போயிற்று. அதற்குப் பிறகுதான் புதுப்பிப்பு. இருபது வருஷம் தாண்டிய கார், ஜீப்புக்கு 2025 முதல் அந்தக் கட்டணமே பத்தாயிரம். கேரளத்தின் பசுமை வரி தனி.

வண்ணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். நான் மணல் நிறம் அடித்தபோது சிரித்த ஒருவர், தன் ஜீப்பைப் பச்சையாக்கி, ராணுவ வண்டிபோல மேல்நோக்கிய அம்புக்குறியோடு நம்பர் பிளேட்டும் மாட்டினார். பாங்கோடு ராணுவ நிலையம் இருக்கும் ஊரில் இதைச் செய்ய ஒரு தனித் தைரியம் வேண்டும். இப்போது அவர் வண்டியும் மணல் நிறம்.

உண்மையான அம்புக்குறியைப் பார்க்க வேண்டுமானால் திருமலை, பூஜப்புரை சாலைகளில் காலையில் நின்றால் போதும். அம்புக்கு அடுத்த இரண்டு இலக்கம் வண்டியின் வருஷம். ஜிப்சியும் லேலண்ட் ஸ்டாலியனும் கண்ணில் படும். ஜிப்சிக்குப் பதிலாக வந்த சஃபாரி ஸ்டார்மும் உண்டு. கண்ணால் பாருங்கள், வாசலில் நின்று போட்டோ எடுக்காதீர்கள்.

பராமரிப்பில், இந்த ஊரில் முதல் எதிரி உப்புக்காற்று. சங்குமுகத்துக்கோ வேளிக்கோ போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் தார்ப்பாயால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். கூரை போதும். நான்கு சக்கர இழுவையைத் தார் ரோட்டில் போட்டு ஓட்டாதீர்கள். ஆயில், கிரீஸ் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

இப்போதைய பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் இதைத் தாங்காது. பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் ஊறி உப்பிவிடும், குழாய்கள் வெடிக்கும், நின்ற வண்டியின் டேங்கில் ஈரம் சேரும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள், டயஃப்ரம் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்யுங்கள்.

இதையெல்லாம் எனக்கு ஒழுங்குபடுத்தியவர் மார்த்தாண்டம் பக்கத்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர். ராணுவத்தின் வண்டி பழுதுபார்க்கும் பிரிவான ஈ.எம்.இ.யில் மெக்கானிக்காக இருந்தவர். ராணுவத்தில் புறப்படுமுன் ஒரு பரேடு, நிறுத்தத்தில் ஒன்று, திரும்பிய பின் ஒன்று என்று வண்டியைச் சோதிப்பார்கள். "காலம்பற மொதல்ல வண்டிக்க அடியில பாருடே, பெறவு சாவியத் தொடு" என்பார். அடியில் எண்ணெய்த் துளி கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். "சரி அண்ணாச்சி" என்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். அவர் வைக்கச் சொன்ன கார் டைரியில் ஆயில் மாற்றிய தேதி வரை எழுதுகிறேன்.

ஜூலை 26, கார்கில் நாளன்று வண்டியை வெளியே எடுப்போம். அன்றைக்கு யாராவது இளைஞர் வந்து, அப்துல் ஹமீது இதில் நின்றுதானே பாட்டன் டாங்கிகளை அடித்தார் என்பார். அது 1965 செப்டம்பர், கேம்கரண் பக்கம், ஜீப்பில் பொருத்திய ஆர்.சி.எல். (பின்னுதைப்பில்லாத) பீரங்கி, ஜோங்கா அப்போது பிறக்கவேயில்லை. பரம்வீர் சக்ரா வாங்கியவரை நினைவுகூர்கிறோம் என்றால் வருஷத்தையாவது சரியாகச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை, எனக்குத்தான் வருகிறது.

கழற்றிய டீசல் இஞ்சின் என் ஷெட்டில் கிடக்கிறது. நல்ல இஞ்சின்தான். வேண்டுகிறவர்கள் வரலாம், ஆர்.சி.யில் டீசல் என்று போட்ட வண்டியின் புத்தகத்தையும் கையோடு கொண்டு வர வேண்டும்.