ரகசியம் தெரிந்த பிறகு என்ன இருக்கிறது?

கேள்வி: தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ படித்தேன். அலங்காரம், சிவசு விவகாரம் பாதியிலேயே புரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் பெரிய சண்டையும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்றாவது சொல்லக் கூடாதா? பக்கத்து வீட்டு வம்பைக் கேட்டுவிட்டு எழுந்து வந்த மாதிரி இருக்கிறது. இந்த மாதிரி நாவல்களை எப்படித்தான் படிப்பது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வம்பு பேசுகிறவர்களுக்கு ‘யார், யாரோடு’ என்று தெரிந்தால் போதும், எழுந்து போய்விடுவார்கள். நாவல் அங்கேதான் தொடங்குகிறது. விஷயம் யாருக்கெல்லாம் தெரியும், தெரிந்துகொண்டே அந்த வீட்டில் எப்படிச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறார்கள் என்று பாருங்கள். அலங்காரத்தின் கணவர் தண்டபாணிக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காத அந்த மனிதரை வைத்தே தனியாக ஒரு நாவல் எழுதலாம். கடைசியில் தெரிந்துகொள்கிறவன் மகன் அப்பு. சின்ன வயதிலேயே காவிரிக்கரை வேதபாடசாலைக்கு அனுப்பப்பட்டவன். அலங்காரம் அவனை ஏன் அனுப்பினாள்? தன் பாவத்தைப் பிள்ளையின் வேதம் கரைத்துவிடும் என்று அவள் நம்புகிறாள். அப்படியானால் அவன் படித்த ஒவ்வொரு வரியும், பாடசாலையில் கழித்த வருஷங்களும் அந்த ரகசியத்தின் செலவுக் கணக்கில்தான் வருகின்றன. இது தெரிந்த பிறகு முதல் அத்தியாயங்களைத் திரும்பப் படியுங்கள். அதே பாடசாலை வேறு இடமாகத் தெரியும்.

‘ஏன்’ என்பதற்கு வருகிறேன். குடிகாரக் கணவன், வறுமை என்று ஒரு காரணத்தை ஜானகிராமன் வைத்திருந்தால் நாம் அவளை மன்னித்துவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்போம். அவர் அதற்கு இடம் தரவில்லை. 1966-இல் நாவல் வந்தபோது பலர் கொதித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். மோசமான கணவன் இருந்திருந்தால் கோபத்தை அவன் தலையில் கட்டியிருக்கலாமே!

அடுத்ததாக, இதே மாதிரி விளக்கம் தராத ஒரு நாவல், விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய ‘காச்சர் கோச்சர்’ படியுங்கள். கே. நல்லதம்பி தமிழில் தந்திருக்கிறார். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். மசாலா வியாபாரத்தில் திடீரென்று பணம் பார்த்த ஒரு பெங்களூர்க் குடும்பம். கதை சொல்கிறவனின் சித்தப்பாவைத் தேடி ஒரு பெண் பருப்புக் குழம்போடு வாசலுக்கு வருகிறாள். வீட்டுப் பெண்கள் அவளை ஏசி விரட்டுகிறார்கள். சித்தப்பா வெளியே தலைகாட்டவே இல்லை. கதை சொல்கிறவனும் வேடிக்கைதான் பார்க்கிறான். அவள் யார் என்று கடைசிவரை விளக்கமும் கிடையாது. அவன் மனைவி அனிதா ஒருத்திதான் இது அநியாயம் என்று வாய்விட்டுச் சொல்கிறாள். சம்பாதிக்கிறவர் சித்தப்பா, அவரை யாரும் எதுவும் கேட்க முடியாது. அந்த வீட்டுக்கு இருக்கும் ஒரே சட்டம் அதுதான். அதை மீறிப் பேசியவள் அந்த வீட்டில் எவ்வளவு நாள் இருக்க முடியும் என்ற பயத்தோடு மிச்சப் பக்கங்களைப் படிப்பீர்கள்.

ஒரு யோசனை: எந்த நாவலானாலும் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பாதிப் பேர் அதிலேயே கதையைப் போட்டு உடைத்துவிடுகிறார்கள்.