சபைக் கூட்டத்தில் நமக்கென்ன வேலை?

கேள்வி: வாக்களித்துவிட்டோம். பிரதேச சபைக் கூட்டத்தையும் போய்ப் பார்க்க வேண்டுமா?
– வாசகர், செட்டிபாளையம்

பதில்: கட்டாயம் பாருங்கள். வாக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை. உங்கள் வடிகானும் தெருவிளக்கும் தீர்மானமாவது மாதாந்த அமர்வில். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினார்கள். தட்டிக் கேட்க உறுப்பினரே இல்லாத அந்த இரண்டு வருடத்துக்குப் பிறகு, கிடைத்த சபையைக் கவனிக்காமல் விடுவது பெரும் இழப்பு. உறுப்பினர் சொந்தக்காரர், பகை வரும் என்பீர்கள். எந்த வீதிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், யார் எதிர்த்தார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வர யாரோடும் சண்டை வேண்டியதில்லை. போக முடியாதவர்கள் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கூட்டறிக்கையின் பிரதியைக் கேளுங்கள்; 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.