சோப்பு ஏன் பிளந்தது?



இந்தத் தீபாவளிக்கு முதியோர் இல்லத்துத் தாத்தா பாட்டிகளுக்கு நாமே செய்த சோப்பு கொடுக்கலாம் என்று எங்கள் அம்பாங் கிளையில் முடிவானது. பொறியியல் மாணவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரவில் அச்சில் ஊற்றி, துண்டு சுற்றி வைத்தேன். காலையில் பார்த்தால் நடுவில் மேடாக உப்பி, நீளமாகப் பிளந்து கிடந்தது. "என்னடா, கேக்கா செஞ்சே?" என்று அம்மா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. தீபாவளிக்கு ஏழு வாரம்தான் இருந்தது. சோப்பு முதிர நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும்.

'குளிர் முறை' என்பது பெயர்தான். காஸ்டிக் சோடா எண்ணெயோடு சேர்ந்து சோப்பாக மாறும்போது தானாகவே சூடு கிளம்பும். ஓரத்துச் சூடு வெளியேறிவிடும், நடுவில் உள்ளது மாட்டிக்கொள்ளும். உள்ளே விரியும்போது, இறுகிப்போன மேல்பகுதி பிளக்கிறது. பெரிய கான்கிரீட்டிலும் சூட்டால் விரிசல் வரும். 1930களில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டியபோது, கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீர் ஓட விட்டார்கள்.

நான் செய்த தப்பு மூன்று:

1. தேனும் தேங்காய்ப்பாலும் தாராளமாக ஊற்றினேன். அவற்றிலுள்ள சர்க்கரை சூட்டை ஏற்றும்.
2. காரக் கரைசல் ஆறும் முன்பே எண்ணெயில் கலந்தேன்.
3. துண்டு சுற்றினேன். அது குளிர்நாட்டுக்காரர்களின் வழக்கம். நம் ஊர் வெக்கைக்கு எதற்கு?

விரிசல் தெரிந்தவுடன் மூடியதை எடுங்கள். காற்றாடி முன்போ குளிர்சாதனப் பெட்டியிலோ வையுங்கள். இளகிய நிலையில் இருந்தால், கையுறை போட்டு மெல்ல அழுத்தி மூடலாம். எடை சரியாக இருந்து, வெறும் விரிசல் மட்டும் என்றால் பயமில்லை; முதிர்ந்தபின் பயன்படுத்தலாம். ஆனால் நீர் கசிந்தாலோ, வெள்ளைக் கட்டிகள் தெரிந்தாலோ காரம் தனியாகத் தங்கியிருக்கலாம். வெறும் கையால் தொடக்கூடாது. என் சோப்பில் கசிவு இருந்தது. "வெட்டிச் சரிபண்ணிக் கொடுத்துடலாம்" என்றான் ஒரு நண்பன். வயதானவர்களின் தோல் மெல்லியது. மனசு ஒப்பவில்லை, ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை.

அதே வாரம் மறுபடி செய்தேன். சமையல் பாமாயில் 300 கிராம், தேங்காய் எண்ணெய் 200 கிராம், காஸ்டிக் சோடா 75 கிராம், தண்ணீர் 150 கிராம். எல்லாம் தராசில் நிறுத்ததுதான், கோப்பைக் கணக்கு இல்லை. தேன் சேர்க்கவில்லை. சேர்ப்பதென்றால் இந்த அளவுக்கு ஒரு தேக்கரண்டி போதும். கரைசலும் எண்ணெயும் 35 டிகிரிக்கு இறங்கியபின் கலந்து, சின்னச் சின்ன அச்சுகளில் ஊற்றி, மூடாமல் காற்றாடி முன் வைத்தேன். ஒரு விரிசலும் இல்லை.

நீங்களும் செய்வதானால் கண்ணாடி, கையுறை கட்டாயம். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது.

துண்டு சுற்றச் சொன்ன குறிப்பில் தப்பில்லை. ஏன் சுற்றுகிறார்கள் என்று கேட்காமல் செய்தேனே, அதுதான் தப்பு. வகுப்பில் பிள்ளைகள் "ஏன் அண்ணா?" என்று கேட்டால் இப்போதெல்லாம் நான் அவசரப்படுத்துவதில்லை.