பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுக்கும் ஹக்கு

"என் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும் அனுப்பாததும், எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்பதும் என் இஷ்டம். இதில் சர்க்காருக்கு என்ன வேலை, ஹலரத்?" என்று மிளகு வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் நம்மிடம் கேட்டார். கேட்ட இடம், கொல்லிமலை ஏறும் பஸ். தேவனூர் நாட்டுக்குக் கொள்முதலுக்குப் புறப்பட்டவர் நம்மையும் உடன் அழைத்திருந்தார். காரவல்லியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பதில் சொல்ல அவகாசத்துக்குக் குறைவில்லை.

முதலில் மஸ்அலாவைக் கவனிப்போம். தகப்பனுக்குப் பிள்ளை மீதுள்ள அதிகாரத்தை ஃபிக்ஹு நூல்கள் 'விலாயத்து' என்கின்றன. இது சொந்தப் பொருளின் மீதுள்ள உரிமையைப் போன்றதன்று. எத்தீமின் பொருளை அவனுக்கு நலம் தரும் வழியிலன்றி நெருங்கலாகாது என்பது திருமறையின் கட்டளை (6:152). அந்தப் பொருளை வலீ தன் மனம்போல் தானம் செய்ய முடியாது. வேண்டியவருக்கென்று அடிமாட்டு விலைக்கு விற்கவும் முடியாது. பொருளுக்கே இத்தனை கட்டுப்பாடென்றால், பிள்ளையின் அறிவுக்கும் ஆயுளுக்கும் எத்தனை இருக்க வேண்டும்! ஆகவே 'இஷ்டம்' என்ற சொல் இங்கே பொருந்தாது. ஹக்கு பிள்ளையுடையது, அதைப் பேணித் தரும் அமானத்து தகப்பனுடையது.

சர்க்கார் பள்ளியில் ஆசிரியர் நம்மவர் அல்லவே என்று தயங்குவோரும் உண்டு. பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் ஈட்டுத்தொகை கட்ட வகையற்றோர், அன்சாரிகளின் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலையாகலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை இவர்கள் நினைவிற்கொள்வார்களாக.

நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இவ்வாறே பேசுகிறது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 21-ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரை கல்வியைப் பிள்ளையின் உரிமை ஆக்கிற்று. அதே திருத்தம் பெற்றோருக்குத் தந்தது கடமையையே. எனினும் சர்க்காருக்கும் எல்லை உண்டு. 1953-இல் ராஜாஜி சென்னை மாகாணக் கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பாடம், மீதி நேரம் தகப்பன் தொழில். தகப்பன் தொழிலே மகனின் தலையெழுத்தாகிவிடும் என்று நாடெங்கும் எதிர்ப்பு எழ, 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டார். தனியார் தொடக்கப் பள்ளிகளில் பயிற்றுமொழியைக் கர்நாடக அரசு திணித்த வழக்கில், தேர்வு பெற்றோருக்கே என்று சுப்ரீம் கோர்ட் 2014-இல் தீர்ப்பளித்தது. அன்றியும், அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் காப்பாளர் சம்மதமின்றிச் சிறு பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ சேர்க்கலாகாது என்கிறது 28(3) பிரிவு. இது நம் சகோதரர்களில் பலருக்குத் தெரியாது.

இவ்வளவும் பேசி முடிப்பதற்குள் மலைக்கு வந்து சேர்ந்தோம். தேவனூர் நாட்டில் நம் சகோதரருக்கு வாடிக்கையாக மிளகு தரும் மலையாளி விவசாயி ஒருவர் இருக்கிறார். அவருடைய கடைக்குட்டிக்குப் பள்ளி வயது. "எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறீர்கள்?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார்.

"தேர்ந்தெடுக்க இங்க என்ன பாய் இருக்கு? இருக்கறது ஒண்ணு. அது வேண்டாம்னா ஆஸ்டல்ல விட்டுட்டு வரணும். இவ்வளவு சின்னப் புள்ளைய எப்படி விடறது?"

நாம் வாயடைத்துப் போனோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை எளிய பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தருகிறது. பழங்குடியினரான இவருக்கு வருமான வரம்பு கூடக் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் அந்த இடத்தை வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளியில்தான் கேட்கலாம். அந்தத் தூரத்துக்குள் அவருக்குத் தனியார் பள்ளி ஏது? உரிமை இருக்கிறது, எடுத்துக்கொள்ள இடமில்லை.

ஆயினும் அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு மற்றொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும், மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அக்குழுவின் வேலை. ஒரே பள்ளி உள்ள ஊரில் பெற்றோரின் ஹக்கு இங்கேதான் இருக்கிறது. இதை நாம் விளக்கிக்கொண்டிருக்கையில் உள்ளேயிருந்து அவருடைய மனைவி, "எம் பேரு அதுல இருக்கு. கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க" என்றார். கணவருக்கு அது புதுச் செய்தி! அடுத்த கூட்டம் என்றைக்கு என்று விசாரித்து, இருவருமே போய் உட்காருங்கள் என்று சொல்லி வந்தோம்.

இறங்கும்போது நம் சகோதரர் பழைய கேள்வியைக் கேட்கவில்லை. வேறொன்றைச் சொன்னார். 2025-26 கல்வியாண்டில், மத்திய அரசும் மாநில அரசும் நிதிக்காக மல்லுக்கு நின்றதால், கோடையில் தொடங்க வேண்டிய 25 சதவீதச் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கிற்று. அதற்குள் அவருடைய தங்கை மகனுக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியாயிற்று. "நம் ஜமாஅத்தார் நடத்தும் மெட்ரிக் பள்ளியில் ஓர் இடம் கேட்டேன். அந்தச் சட்டம் எங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஹலரத்."

அவர்கள் சொன்னது சட்டப்படி சரிதான். சிறுபான்மைப் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஐயம் எழுப்பியது வேறு விஷயம். நம் உரிமையைக் காக்க வந்த விலக்கைக் காட்டி நம் ஏழையையே வாசலில் நிறுத்துவது, நமக்கு எவ்வகையிலும் நியாயமாகப் படவில்லை.

ஜகாத்திலிருந்து உதவலாமே என்றால், இங்கும் ஒரு மஸ்அலா உண்டு. வரவேண்டிய கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு, அதை ஜகாத் என்று கணக்கெழுதினால் நம் இரு மத்ஹபுகளின் பலமான சொல்லின்படியும் ஜகாத் நிறைவேறாது. பணத்தை ஏழைத் தகப்பனின் கையில் கொடுத்து, அவருக்கு உடைமையாக்கிவிட வேண்டும். அதைக் கொண்டுபோய் அவர் வேறு பள்ளியில் கட்டினாலும் ஏன் என்று கேட்க நமக்கு அதிகாரமில்லை.