அடையாற்றின் வாயை அடைப்பது எது?

மாணவர்களே! சென்னையின் வரைபடத்தில் ஈக்காட்டுத்தாங்கலைக் கண்டுபிடியுங்கள். அங்கே உள்வட்டச் சாலை ஒரு பாலத்தின் வழியாக அடையாற்றைக் கடக்கிறது. 'தாங்கல்' என்றால் மழைநீரைத் தாங்கி நிற்கும் சிறிய ஏரி. இந்தப் பாலத்திலிருந்து கடல் நேர்கோட்டில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்தான். 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருவெள்ளம் வந்தபோது இப்பகுதியில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. கடல் இவ்வளவு அருகில் இருந்தும் நீர் ஏன் உடனே வடிந்துவிடவில்லை? விடையைத் தேடி ஆற்றோடு சேர்ந்து அதன் முடிவு வரை பயணம் செய்வோம்.

42 கிலோமீட்டர்ப் பயணம்

அடையாறு நீண்ட ஆறு அன்று. அதன் நீளம் ஏறத்தாழ 42 கிலோமீட்டர். தாம்பரத்திற்கு மேற்கே, ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரே அதன் தொடக்கம். சாலை வழியே தொடர்ந்தால் முடிச்சூரைக் கடந்து திருநீர்மலையை அடைவோம். அங்கே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் சேர்கிறது. பிறகு அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம். இடையில் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்று பாலமாக ஆற்றின்மேல் செல்வதையும் காணலாம்.

ஈக்காட்டுத்தாங்கலுக்குக் கிழக்கே சைதாப்பேட்டை. இங்கே 1726-இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் ஒரு பாலம் கட்டினார். இன்று அவ்விடத்தில் மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. அடுத்துக் கோட்டூர்புரம், பிறகு திரு.வி.க. பாலம். அதைத் தாண்டியதும் ஆறு அகன்று கழிமுகமாகிறது. வடகரையில் பட்டினப்பாக்கம், தென்கரையில் பெசன்ட் நகர். 1977-இல் இடிந்த 'உடைந்த பாலம்' இங்கேதான் நிற்கிறது.

பயணம் முடிந்தது, ஆனால் ஆறு கடலில் விழும் காட்சியைப் பல மாதங்களில் காண முடியாது! ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு நிற்கும். அதில் குறுகலான ஒரு வாய்க்கால் மட்டும் இருக்கும். சில சமயம் அதுவும் இராது.

மணல் எங்கிருந்து வந்தது?

இந்த மணலின் பெரும்பகுதியைக் கொண்டுவருவது கடல். ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தென்கிழக்கிலிருந்து கரையைச் சாய்வாகத் தாக்குகின்றன. ஏறும் அலை மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. இறங்கும் நீரோ நேராகக் கீழே இழுக்கிறது. இப்படி ஒவ்வோர் அலையிலும் மணல் சிறிது வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது திசை மாறினாலும், ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் வடக்கே செல்வதே மிகுதி.

இதற்குச் சான்று வேண்டுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், அவற்றின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் கடற்கரை அரிக்கப்பட்டது.

நகரும் இம்மணல் ஆற்றின் வாயைக் கடக்கும்போது, அதைத் தள்ளிவிட வேகமான நீரோட்டம் வேண்டும். கோடையில் ஆற்றுக்கு அந்த வலிமை ஏது? எனவே மணல் வெல்கிறது.

கடலே கதவைத் திறக்கும்

ஆற்றுக்கு ஒரு துணை உண்டு, அதுவும் கடல்தான். ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை உயர் ஓதம் வருகிறது. அப்போது கடல்நீர் கழிமுகத்தில் நுழைகிறது. தாழ் ஓதத்தின்போது அது வெளியேறுகையில் வாயிலுள்ள மணலை அரித்துச் செல்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கழிமுகத்தின் பரப்பு 1 சதுர கிலோமீட்டர் என்றும், ஓதத்தால் நீர்மட்டம் அரை மீட்டர் உயர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். உள்ளே வந்த நீர் 5 லட்சம் கன மீட்டர். அது 6 மணி நேரத்தில் வெளியேறினால், சராசரியாக வினாடிக்கு ஏறத்தாழ 23 கன மீட்டர். மழையே இல்லாத நாளிலும் வாயைக் கழுவும் நீரோட்டம் இது.

கழிமுகத்தில் பாதியை மண் கொட்டி மேடாக்கிவிட்டால்? நீரோட்டமும் பாதியாகும், மணலை அரிக்கும் ஆற்றல் குறையும். கழிமுகத்தைத் தூர்ப்பது வெறும் சதுப்பு நிலத்தை இழப்பதன்று, ஆற்றின் வாயைத் திறந்து வைக்கும் விசையை இழப்பதாகும். இதனால்தான் கழிமுகக் கழியின் ஒரு பகுதியைச் சீர்செய்து உருவாக்கிய தொல்காப்பியப் பூங்கா (2011) போன்ற முயற்சிகள் முக்கியமானவை. மழைக்காலத்திற்கு முன் நீர்வளத் துறையினர் இயந்திரங்களால் முகத்துவார மணலை அகற்றுவதும் உண்டு.

வெள்ளம் வந்தால்?

2015 டிசம்பர் 1-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. 1 கன அடி 28.3 லிட்டர், ஆகவே இது ஏறத்தாழ 820 கன மீட்டர். மற்ற ஏரிகளின் உபரிநீரும் இதனுடன் சேர்ந்தது. இத்தகைய வெள்ளம் மணல் திட்டைத் தானே உடைத்துவிடும். ஆதலால் அன்றைய துன்பத்திற்கு முகத்துவாரம் மட்டுமே காரணமன்று. பெருமழையும், கரைகள் நெருக்கப்பட்டதும் சேர்ந்தே காரணம்.

எனினும், நீர் மட்ட வேறுபாட்டால்தான் ஓடுகிறது என்பதை மறவாதீர்கள். கடலோரம் நிலம் தட்டையானது. வாய் அடைபட்டிருந்தாலோ கடல் உயர்ந்திருந்தாலோ அந்த வேறுபாடு குறைகிறது. பின்னால் வரும் நீர் தேங்கி உயர்கிறது. அடைபட்ட ஓர் அங்குலமும் மேலே உள்ள தெருக்களுக்குச் சுமையே.

செய்து பாருங்கள்

ஒரு தட்டின் நடுவே குறுக்காக ஈர மணலால் ஒரு வரப்பு அமைத்து, அதில் விரலளவு இடைவெளி விடுங்கள். ஒரு பக்கத்தில் கரண்டியால் நீர் ஊற்றிக்கொண்டே, மறுபக்கத்திலிருந்து மணலைச் சிறிது சிறிதாக இடைவெளியில் தள்ளுங்கள். வழி அடைபடும். பிறகு ஒரு குவளை நீரை ஒரே சமயத்தில் ஊற்றுங்கள். என்ன நேர்கிறது?

சிந்தியுங்கள்

1. மேலே கண்ட கணக்கில் ஓதம் 80 சென்டிமீட்டர் உயர்ந்தால், வினாடிக்கு வெளியேறும் நீர் எவ்வளவு?
2. 820 கன மீட்டர் என்பது 23 கன மீட்டரைப் போல எத்தனை மடங்கு?
3. உங்கள் ஊர் ஆறோ ஓடையோ எங்கே முடிகிறது? அதன் வாய் கோடையில் திறந்திருக்கிறதா?